எச்டிஎம்எல் சரிபார்க்க எது வசதி: நு செக்கரா, எச்டிஎம்எல்-வேலிடேட்டா?

தளத்தின் பில்டிலேயே (கோடிலிருந்து தளத்தை உருவாக்கும் படியிலேயே) மார்க்கப் சரிபார்ப்பைச் சேர்த்துவிடலாம் என்று இறங்கினால் நாலைந்து பெயர்கள் வரிசைகட்டி நிற்கும்: நு எச்டிஎம்எல் செக்கர், எச்டிஎம்எல்-வேலிடேட், எச்டிஎம்எல் டைடி, எச்டிஎம்எல்ஹின்ட், அப்புறம் பார்ஸ்5 போன்ற பார்சர்கள் (எச்டிஎம்எல்லைப் படித்து டேக்குகளை ஒரு மரமாக அடுக்கும் லைப்ரரிகள்). எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, தினசரி வேலைக்கு நான் வைத்துக்கொண்டது எச்டிஎம்எல்-வேலிடேட். நு செக்கருக்கும் ஓர் ஓரத்தில் இடம் உண்டு. எதற்காகச் சரிபார்க்க வேண்டும் என்ற பிரசங்கத்தை விட்டுவிடுகிறேன். எந்தக் குப்பையைக் கொடுத்தாலும் பிரவுசர் முகம் சுளிக்காமல் காட்டிவிடும். அதனால்தான் வேறு யாராவது முகம் சுளிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் கழித்துக்கட்ட வேண்டியவை. பார்சரை வைத்தே பிழை பார்த்துவிடலாமே என்று தோன்றும், பெரும்பாலும் அது ஏற்கெனவே புராஜெக்டில் இருக்கும் என்பதால். பார்ஸ்5-இல் பிழைகளை வாங்கிக்கொள்ள ஒரு கால்பேக் (பிழை வரும்போது அது கூப்பிடும் நம் ஃபங்ஷன்) உண்டு. பைத்தானின் எச்டிஎம்எல்5லிப்பும் பிழைப் பட்டியல் தரும். ஆனால் பார்சர் பார்ப்பது எழுதிய விதத்தை மட்டும்தான், எது எதற்குள் இருக்கலாம் என்பதை அல்ல. ஒரு லிங்க்குக்குள் பட்டன் ஒன்றை வையுங்கள். திறந்ததெல்லாம் ஒழுங்காக மூடியிருக்கும், மரமும் சரியாக உருவாகும், பார்சர் வாயே திறக்காது. எச்டிஎம்எல் ஸ்டாண்டர்டு இதை அனுமதிப்பதில்லை. கீபோர்டில் டேப் அடித்து வருபவர் அதே இடத்தில் இரண்டு முறை நிற்க வேண்டியிருக்கும்.

பிஎச்பியில் எழுதுபவர்கள் எச்டிஎம்எல்லைப் படிக்கும் டாம்டாகுமென்ட் கிளாஸ் தரும் எச்சரிக்கைகளைச் சரிபார்ப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதன் அடியில் ஓடும் லிப்எக்ஸ்எம்எல்2 வெகு காலம் எச்டிஎம்எல் 4 கணக்கிலேயே இருந்ததால், 'செக்‌ஷன்', 'நாவ்' எல்லாம் செல்லாத டேக்குகள் என்று சொல்லும். 2024 நவம்பரில் வந்த பிஎச்பி 8.4-இல் எச்டிஎம்எல்5 தெரிந்த புதிய டாம் கிளாஸ் இருக்கிறது. ஆனாலும் அது பார்சர்தான்.

டைடி இவற்றில் மூத்தது, டேவ் ராகெட் தொடங்கியது. சி-யில் எழுதியதால் வேகத்துக்குக் குறைவில்லை. ஆனால் அதன் பிறவிக்குணம் திருத்துவது. குறை சொல்வது அப்புறம்தான். காலியாக இருக்கும் டேக்குகளை, வேண்டாம் என்று சொல்லி வைக்காவிட்டால், தானே நீக்கிவிடும். பழைய கோப்புகளைச் சுத்தம் செய்ய நல்ல கருவி, காவலுக்கு வைக்க ஏற்றதல்ல. எச்டிஎம்எல்ஹின்ட் இலகுவானது. டேக் ஜோடி சேர்கிறதா, ஐடி இரண்டு முறை வருகிறதா, ஆட்ரிபியூட்டுக்கு இரட்டை மேற்கோள் இருக்கிறதா என்ற அளவில் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஒன்றுமே இல்லாததற்கு அது பரவாயில்லை.

மிச்சம் இரண்டு.

நு செக்கரின் பலத்தை யாரும் மறுக்க முடியாது. ஹென்றி சிவோனென் தொடங்கியது. இதற்காக அவர் எழுதிய ஜாவா பார்சரே பின்னால் சி++ ஆக மாற்றப்பட்டு ஃபயர்ஃபாக்ஸுக்குள் போனது. ஆக, பக்கத்தை பிரவுசர் புரிந்துகொள்கிற விதமாகவே இதுவும் புரிந்துகொள்கிறது. இணையத் தரநிலைகளை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சியின் தளத்தில் இருக்கும் சரிபார்ப்புச் சேவையும் இதுதான். படத்தின் 'சோர்ஸ்செட்' மதிப்பில் ஒரு கமா தவறினாலும் பிடிக்கும், எஸ்விஜியைப் பார்க்கும், ஸ்டைல் ஆட்ரிபியூட்டில் இருக்கும் சிஎஸ்எஸ்ஸையும் பார்க்கும். 'லாங்' ஆட்ரிபியூட்டில் ஆங்கிலம் என்று போட்டுவிட்டு முழுப் பக்கத்தையும் ஜெர்மனில் எழுதியிருந்தால் அதையும் சொல்லும். ஸ்டாண்டர்டுக்கு எவ்வளவு நெருக்கம் என்று மட்டும் மதிப்பெண் போட்டால் இதற்குத்தான் முதலிடம்.

தொல்லை இரண்டு இடத்தில். ஒன்று, ஜாவா வேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாகக் கூப்பிட்டால் ஒவ்வொரு முறையும் ஜாவா எழுந்து உட்காரும்வரை காத்திருக்க வேண்டும். எல்லாக் கோப்புகளையும் ஒரே அழைப்பில் கொடுக்கலாம், அல்லது சர்வராக ஓடவிட்டு அதனிடம் கேட்கலாம். இரண்டாவது, அது முழுப் பக்கத்தை எதிர்பார்க்கும். ஒரு மெனுவுக்கான டெம்ப்ளேட் துண்டை மட்டும் கொடுத்தால் டாக்டைப் இல்லை, டைட்டில் இல்லை என்று ஆரம்பித்துவிடும். எச்டிஎம்எல்-வேலிடேட்டில் இந்தப் பிரச்சினை இல்லை. துண்டைத் துண்டாகவே எடுத்துக்கொள்ளும், முழுப் பக்கத்துக்கான விதிகள் தனித் தொகுப்பாக இருக்கின்றன. நோட் (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் தளம்) புராஜெக்ட் என்றால் டெஸ்ட் கோப்புக்குள்ளேயே ஒரு ஸ்டிரிங்கைக் கொடுத்து விடையை வாங்கலாம்.

சரி, இதெல்லாம் முதல் வாரத்துச் சமாசாரம். சரிபார்ப்புக் கருவி நிலைக்குமா, ஆறு மாதத்தில் யாராவது அதை பில்டிலிருந்து தூக்கிவிடுவார்களா என்பதைத் தீர்மானிப்பது வேறொன்று: நாம் தெரிந்தே விட்டுவைக்கும் பிழைகளை அதனிடம் எப்படிச் சொல்லி வைப்பது? எந்தத் தளத்திலும் இப்படிச் சில இருக்கும். வெளியிலிருந்து வரும் விட்ஜெட் ஒன்று தப்பான மார்க்கப்பைக் கொட்டும். எச்டிஎம்எக்ஸ் போன்ற லைப்ரரிகள் தங்களுக்கென்று ஆட்ரிபியூட் வைத்திருக்கும். கோடை ஒழுங்காக அடுக்கித் தரும் பிரிட்டியர் 'பிஆர்' டேக்குக்குள் ஒரு சாய்கோட்டைப் போட்டே தீரும். அந்தச் சாய்கோட்டால் பயனில்லை என்று நு செக்கர் ஒவ்வொரு வரிக்கும் ஒரு தகவல் சொல்லும். புதிய சிஎஸ்எஸ் பிராபர்ட்டி எழுதினால், அப்படி ஒன்று இல்லை என்றும் சில சமயம் சொல்லும்.

நு செக்கரில் இவற்றை அடக்க வழி ஒன்றுதான்: பிழைச் செய்தியின் வாசகத்தோடு பொருந்தும் ரெகெக்ஸ்களை (தேடல் வடிவங்களை) ஒரு வடிகட்டிக் கோப்பில் எழுதி வைப்பது. பிழைக்குப் பெயரோ எண்ணோ கிடையாது, வாசகம் மட்டும்தான். அந்த வாசகத்தில் டேக்கின் பெயரைச் சுற்றி வளைந்த மேற்கோள் குறிகள் வரும். கீபோர்டில் அடிக்கும் நேர் மேற்கோளை ரெகெக்ஸில் போட்டால் பொருந்தாது, ஏன் பொருந்தவில்லை என்று தலையைச் சொறிய வேண்டியதுதான். அடுத்த பதிப்பில் வாசகத்தை மாற்றினால் அடக்கியதெல்லாம் திரும்ப எழுந்து வரும். அதைவிடப் பெரிய குறை, அந்த வடிகட்டி முழுத் தளத்துக்கும் பொருந்தும். ஒரு விட்ஜெட்டுக்காக எழுதியது, நாளை நாமே அதே தப்பைச் செய்யும்போது நம்மையும் காப்பாற்றிவிடும்.

எச்டிஎம்எல்-வேலிடேட்டில் ஒவ்வொரு விதிக்கும் பெயர் இருக்கிறது. குறிப்பிட்ட இடத்துக்கு மேலே ஒரு கமென்ட் போட்டு, இந்த விதியை அடுத்த எலிமென்டுக்கு மட்டும் பார்க்காதே என்று சொல்லலாம். அதே கமென்டில் காரணத்தையும் எழுதலாம். கோட் ரிவியூவில் அது கண்ணில் படும், கேள்வி கேட்கலாம். பிரிட்டியர் சமாசாரத்துக்கு அதனோடு மோதும் விதிகளை மொத்தமாக அணைக்கும் ஒரு தொகுப்பையே தயாராக வைத்திருக்கிறார்கள்.

எனக்கு இதைவிடப் பிடித்தது, தேவையில்லாமல் போன அடக்கல்களைச் சொல்லும் ஒரு விதி. எச்டிஎம்எல் இப்போது 'வாழும் ஸ்டாண்டர்டு'. பிரவுசர் நிறுவனங்களின் குழுவான வாட்விஜி அதைத் திருத்திக்கொண்டே இருக்கிறது, 2019-இல் டபிள்யூ3சியும் அதற்கே ஒப்புக்கொண்டுவிட்டது. அதனால் நேற்று பிழை என்றது இன்று சரி ஆகலாம். 2023-இல் 'சர்ச்' என்ற புதிய எலிமென்ட் ஸ்டாண்டர்டில் சேர்ந்தது. அதை அறியாத பழைய பதிப்பு எதுவானாலும் குறை சொல்லத்தான் செய்யும், நாமும் வாயடைத்து வைப்போம். லைப்ரரியைப் புதுப்பித்ததும் எச்டிஎம்எல்-வேலிடேட், இங்கே நீ அணைத்து வைத்திருக்கிறாய், ஆனால் இங்கே பிழையே இல்லை என்று சொல்லிவிடும், கமென்டை அழித்துவிடலாம். நு செக்கரின் வடிகட்டியில் எழுதிய வரி அப்படியே கிடக்கும், ஏன் எழுதினோம் என்று யாருக்கும் நினைவிருக்காது. நாள்பட்ட தளத்துக்கு இந்த ஒரு வித்தியாசமே போதும் என்பது என் கணக்கு.

சொந்த எலிமென்ட்கள் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு லாபம் உண்டு. நடுக்கோடு போட்ட பெயராக இருந்தால் நு செக்கர் அனுமதித்துவிடும், அதன் உள்விவகாரத்தில் தலையிடாது. எச்டிஎம்எல்-வேலிடேட்டில் அந்த எலிமென்டுக்குள் என்ன வரலாம், எந்த ஆட்ரிபியூட் கட்டாயம் என்று நாமே வரையறுத்து வைக்கலாம். வியூ ஃப்ரேம்வொர்க்கின் கோப்புகளுக்கான பிளகின் உண்டு. அதை நான் மேலோட்டமாகத்தான் தொட்டிருக்கிறேன், பெரிய கோட்பேஸில் எப்படித் தாங்கும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

குறை இல்லாமல் இல்லை. 'ரெக்கமண்டட்' தொகுப்பு கொஞ்சம் கறார் பேர்வழி. இன்லைன் ஸ்டைல் கூடாது, பட்டனுக்கு டைப் எழுது, வரிக்கடைசியில் இடைவெளி விடாதே என்று, ஸ்டாண்டர்டு கேட்காததையும் கேட்கும். பழைய தளத்தில் முதல் நாளே அதைப் போட்டால் பிழைகள் கொட்டும், டீம் கடுப்பாகும். ஸ்டாண்டர்டு விதிகள் மட்டும் உள்ள தொகுப்பில் தொடங்கி, அப்புறம் ஒவ்வொன்றாக ஏற்றுவது நல்லது. மேஜர் பதிப்புகளும் அடிக்கடி வருகின்றன. பில்டில் பதிப்பு எண்ணைக் கட்டிவைத்து, நேரம் இருக்கும்போது ஏற்றுங்கள். எலிமென்ட் விவரங்களை அவர்களே தொகுத்து வைத்திருப்பதால், நு செக்கர் பிடிக்கும் நுணுக்கமான சிலவற்றை இது விட்டுவிடும். சிஎஸ்எஸ் பக்கம் தலைவைத்தும் படுக்காது.

அதனால் நான் வைத்திருக்கும் ஏற்பாடு இதுதான்: ஒவ்வொரு கமிட்டுக்கும் எச்டிஎம்எல்-வேலிடேட், பிழை இருந்தால் பில்ட் நிற்கும். வெளியீட்டுக்கு முன்னால், உருவான பக்கங்களை எல்லாம் ஒரே அழைப்பில் நு செக்கருக்குக் கொடுத்து, எச்சரிக்கைகளை விட்டுவிட்டுப் பிழைகளை மட்டும் கேட்டு, பட்டியலைக் கண்ணால் படிப்பேன். அதற்காக பில்ட் நிற்காது, வடிகட்டிக் கோப்பும் வைப்பதில்லை. பட்டியலில் புதிதாக ஏதாவது தென்பட்டு, அதே மாதிரி விதி எச்டிஎம்எல்-வேலிடேட்டிலும் இருந்தால் அங்கே இயக்கிவிடுவேன். ஜாவாவில் எழுதிய தளம், நோட் பக்கமே போவதில்லை என்பவர்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழாகலாம். அங்கே நு செக்கரை நேரடியாக லைப்ரரியாகவே சேர்த்துக்கொள்வதுதான் இயல்பு, வடிகட்டிக் கோப்பை அவ்வப்போது காலி செய்து ஓட்டிப் பார்க்கும் வேலையையும் யாராவது ஒருவர் பெயரில் எழுதிவிடுங்கள்.