முக்கோணமா, மதிப்பெண்ணா? ஆம்புலன்ஸில் குழந்தையின் நிலை சரிவதைக் கண்டுபிடிக்க எது கைகொடுக்கும்

மூச்சு வாங்கும் 3 வயதுக் குழந்தையைப் பார்க்கப் போகும் இ.எம்.டி.க்கு (ஆம்புலன்ஸில் வரும் அவசர மருத்துவ உதவியாளருக்கு) இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பீடியாட்ரிக் அசெஸ்மென்ட் ட்ரையாங்கிள் என்ற முக்கோணம். மற்றது, பியூஸ் (PEWS) மதிப்பெண், அதாவது குழந்தையின் நிலை சரிவதை முன்கூட்டியே எச்சரிக்கும் எண்.

முக்கோணத்துக்குக் கருவியே வேண்டாம். குழந்தையை அம்மா மடியிலிருந்து பிரிக்காமல், வாசலில் நின்றபடியே தோற்றம், மூச்சுவிடப் படும் பாடு, தோலின் நிறம் மூன்றையும் ஒரு நிமிடத்துக்குள் பார்த்துவிடலாம். இதில் தோற்றம்தான் முதன்மை. உடம்பு துவண்டிருக்கிறதா? கண் நம்மைத் தொடர்கிறதா? அம்மா தூக்கினால் அழுகை அடங்குகிறதா? சட்டையைத் தூக்கிவிட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் விலா உள்வாங்குவது தெரியாது. கறுத்த நிறக் குழந்தைக்கு வெளிறலை முகத்தில் தேட வேண்டாம். உதடு, உள்ளங்கை, பாதத்தில் தெரியும். குறை என்னவென்றால், எண் கிடையாது. அரைமணி நேரத்தில் எவ்வளவு சரிந்தது என்று சொல்ல முடியாது.

பியூஸ் அதைச் சொல்லும். 2005இல் வெளியான, பிரைட்டன் என்ற அதன் வடிவத்தில் நடத்தை, இரத்த ஓட்டம், சுவாசம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. எண் ஏற ஏற நிலை மோசம். ஆனால் இது வார்டுக்காகப் பிறந்தது. ஓடும் வண்டியில் மூச்சை முழு நிமிடம் எண்ணுவதே பாடு. அழுகையும் காய்ச்சலும் எண்ணை ஏற்றிவிடும், விரல் சில்லிட்டால் ஆக்ஸிமீட்டர் உளறும். வார்டுகளிலேயேகூட, பெட்சைடு பியூஸ் என்ற இன்னொரு வடிவத்தை வைத்து 21 மருத்துவமனைகளில் நடத்தி 2018இல் வெளியான ஆய்வில் இறப்பு குறையவில்லை.

பெரிய ஆபத்து வேறு. நிமிடத்துக்கு 60 முறை மூச்சு வாங்கிய குழந்தை களைத்துப்போனால் எண்ணிக்கை 30க்கு இறங்கும். மதிப்பெண்ணும் இறங்கும், தாளில் தேறியதுபோலத் தெரியும். உண்மையில் மூச்சு நிற்கப்போகிறது. துவண்ட கழுத்தும் முனகலும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். இரத்த அழுத்தத்துக்காகக் காத்திருப்பதும் இப்படித்தான்: 3 வயதில் மேல் அழுத்தம் (சிஸ்டாலிக்) 76க்குக் கீழே போகும்போது அதிர்ச்சி (ஷாக், உறுப்புகளுக்கு இரத்தம் போதாத நிலை) முற்றியிருக்கும். அதற்கு முன்பே, நெஞ்செலும்பின் மேல் 5 வினாடி அழுத்தி விட்டால் நிறம் திரும்ப 2 வினாடிக்கு மேல் ஆகும்.

ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் முக்கோணத்தையே எடுங்கள். அதில் ஒரு பக்கம் பிசகினாலும் ஆக்ஸிஜனும் புறப்பாடும் முதலில், மதிப்பெண் வண்டியில். நிலை மோசமான குழந்தைக்கு 5 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டையும் திரும்பப் பாருங்கள். மதிப்பெண் குறைந்து தோற்றம் தேறாவிட்டால் தோற்றத்தை நம்புங்கள். ஒப்படைக்கும்போது முதல் எண், கடைசி எண், நேரம், “பிள்ளை எப்பவும்போல இல்லை” என்று அம்மா சொன்னது எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.