தெரியாதவரைப் பார்த்துச் சிரிப்பது: அமெரிக்காவிலும் ரஷ்யாவிலும்

அமெரிக்காவின் சிற்றூர்களில், குறிப்பாகத் தென் மாநிலங்களில், நடைபாதையில் எதிரே வருபவரின் கண்ணைச் சந்தித்தால் லேசாகச் சிரித்துவிட்டு நகர்வது வெறும் மரியாதை, அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. மாஸ்கோ மெட்ரோவில் அதே சிரிப்பைச் சிரித்தால் எதிரே இருப்பவர் குழம்பிப்போவார்: இவருக்கு என்னைத் தெரியுமா, என் சட்டையில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா? காரணமில்லாமல் சிரிப்பது முட்டாளின் அடையாளம் என்று ரஷ்யர்களிடம் பழமொழியே உண்டு. 1990-ல் மாஸ்கோவில் முதல் மெக்டொனால்ட்ஸ் திறந்தபோது ஊழியர்களுக்குச் சிரிக்கவே பயிற்சி கொடுத்தார்கள். அதற்காக ரஷ்யர்களைச் சிடுமூஞ்சிகள் என்று நினைக்க வேண்டாம், நண்பர்களோடு சமையலறை மேசையில் உட்கார்ந்துவிட்டால் வாய்விட்டுச் சிரிப்பவர்கள்தான்.

பெண் என்றால் கணக்கு மாறுகிறது. ரஷ்யாவில் தெரியாத ஆணைப் பார்த்துச் சிரித்தால், பேச அழைப்பதாக அவர் எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் தலைகீழ்: சிரிக்காவிட்டால், "கொஞ்சம் சிரியேன்" என்று தெருவில் போகிற ஒருவன் கட்டளை போடுவான். பெண்களைச் சிரிக்கச் சொல்வதை நிறுத்துங்கள் என்று ஓவியர் தத்யானா ஃபஸ்லலிசாதே 2012-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிச் சுவர்களில் பெண்களின் முகங்களை வரைந்து ஒட்டத் தொடங்கியது இதனால்தான்.

என்னைக் கேட்டால், தனியாக நடக்கும் பெண்ணுக்கு மாஸ்கோ வழக்கமே நிம்மதி. முகத்தை இயல்பாக வைத்துக்கொண்டு போகலாம், "என்ன கோபம்?" என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் வரிசையில் நிற்கும் பாட்டியிடம் சட்டென்று பேச்சு கொடுக்க அமெரிக்கச் சிற்றூர்தான் சுலபம். அங்கே போனால் பெண்களிடமும் வயதானவர்களிடமும் தாராளமாகச் சிரியுங்கள். கட்டளை போடுபவனுக்கு மட்டும் பதிலே வேண்டாம், நடையைக் கட்டுங்கள்.