மைட்டர் ரம்பத்தில் அலுமினியம் அறுக்க ஒரு 80 பல் பிளேடு

வேண்டிய கோணத்தில் குறுக்காக அறுக்கும் மின்ரம்பமான மகிதா எல்எஸ்1040 மைட்டர் ரம்பத்தில் பொருத்துவதற்காக, அலுமினியத்துக்கென்றே செய்யப்பட்ட 10 அங்குல, 80 பல் கார்பைடு பிளேடு ஒன்றைக் கோலாலம்பூர் ஜாலான் பசாரில் உள்ள கருவிக் கடையில் 140 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். அதே அளவுள்ள சாதாரண மர பிளேடின் விலையைப் போல இது இரு மடங்குக்கும் மேல். வீட்டுப் பட்டறையில் கொசுவலைச் சட்டம், பூசையறைக் கதவு, தைப்பூசக் காவடியின் அடிச்சட்டம் ஆகியவற்றுக்காக அலுமினியம் அறுக்க வேண்டியிருந்தது. எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7.85 கிராம்; அலுமினியத்தினுடையது 2.7 கிராம். பத்துமலையின் 272 படிகளைக் காவடியோடு ஏறுகிறவருக்கு இந்த வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கொடுத்த விலை பல்லின் வடிவத்துக்கே போயிருக்கிறது என்பது என் கணிப்பு. மர பிளேடில் பற்கள் இடமும் வலமுமாக மாறி மாறிச் சாய்ந்து, கூர்முனையோடு நிற்கும். இதிலோ ஒரு பல் இரு மூலைகளும் சரித்துச் சீவப்பட்டுச் சற்றே உயர்ந்தும், அடுத்த பல் தட்டையாகச் சற்றே தாழ்ந்தும் அமைந்துள்ளன. உயர்ந்த பல் நடுவில் வழி திறக்க, தட்டைப் பல் இரு ஓரங்களையும் துப்புரவாக்குகிறது. எந்த முனையும் தனியாக முழுச் சுமையையும் தாங்குவதில்லை. மேலும், பல்லின் முகம் முன்னோக்கிச் சாயாமல் சில பாகை பின்சாய்ந்திருக்கிறது. முன்சாய்ந்த பல் மென்மையான உலோகத்தைக் கவ்வித் தன்பக்கம் இழுக்கும். நிமிடத்துக்கு 4,600 சுற்றுகள் சுழலும் இந்த ரம்பத்தில் பல்நுனி நொடிக்கு ஏறத்தாழ 61 மீட்டர் வேகத்தில் ஓடுவதால், அந்த ஓர் இழுப்பிலேயே புரொஃபைல் என்னும் அலுமினியச் சட்டத்துண்டு நெளிந்துவிடும் அல்லது அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பை விட்டுத் தெறித்துவிடும். பின்சாய்ந்த பல் உலோகத்தைச் சுரண்டிச் சீவுகிறது. அதனால் கைப்பிடியைச் சற்று அழுத்தித்தான் இறக்க வேண்டும், ஆனால் இறங்கும் வேகம் நம் கையிலேயே இருக்கிறது.

சன்னல் சட்டங்களுக்குப் பயன்படும் 6063 என்னும் அலுமினியக் கலப்புலோக ரகத்தாலான, உள்ளே வெற்றிடமுள்ள பெட்டிப் புரொஃபைல்களில் இதன் வேலை மிக நன்று. 45 பாகையில் அறுத்த இரு துண்டுகளைச் சேர்த்து வைத்தால் மூலையில் வெளிச்சம் தெரிவதில்லை. அடியோரத்தில் நிற்கும் மெல்லிய பிசிறு அரத்தால் ஒருமுறை தடவினால் போய்விடுகிறது. ஆயினும் மசகு இன்றி அறுத்தால் இந்தப் பிளேடும் கைகொடுக்காது. அலுமினியம் 660 பாகை செல்சியஸில் உருகிவிடும்; அதற்கு வெகு முன்பே இளகிப் பல்லின் முகத்தில் அப்பிக்கொள்ளும். அப்பிய பல் வெட்டாமல் தேய்க்கும், தேய்ப்பு மேலும் சூடாக்கும். பிளேடு நின்றிருக்கும்போது பற்களில் மெழுகுக் கட்டியைத் தேய்த்துக்கொள்வதே எனக்குப் பிடித்த வழி. எண்ணெய் தெளித்தால் சீவல் எல்லாம் பிசுபிசுத்துத் தரையெங்கும் ஒட்டிக்கொள்கிறது. நீளம் துல்லியமாக வேண்டுமென்றால், அறுத்த துண்டு ஆறிய பிறகே அளக்க வேண்டும். ஒரு மீட்டர் நீளமும் சீராக 30 பாகை சூடேறினால், ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர் நீண்டிருக்கும்.

குறை என்று பார்த்தால், பற்களின் நெருக்கம் கனமான பட்டைக்கு ஒத்துவரவில்லை. மெல்லிய சுவருக்குப் பற்கள் நெருக்கமாக இருப்பது நல்லது என்பதால் 80 பல் பொருத்தமே. 10 மில்லிமீட்டர் கட்டிப் பட்டையில் சீவல் ஒதுங்கப் பல்லிடையில் போதிய இடமில்லாமல், ஓசை மாறி, மோட்டார் திணறுகிறது. அத்தகைய வேலைக்கு மைட்டர் ரம்பமே ஏற்றதன்று. கனத்த அல்லது உருண்டை அலுமினியத்தை ஒருபோதும் அறுக்கக் கூடாது என்று மகிதாவின் கையேடே எச்சரிக்கிறது. கட்டிப் பட்டையை ஜிக்சாவில் (மேலும் கீழும் அசையும் சிறு மின்ரம்பம்) உலோக பிளேடு போட்டோ, வைஸ் என்னும் மேசைப் பிடிப்பானில் பிடித்துக் கைரம்பத்தாலோ அறுப்பது மெதுவானாலும் பாதுகாப்பானது.

இரைச்சல் மிகுதி. வரிசை வீடுகளில் இருப்போர், அண்டை வீட்டார் ஓய்வெடுக்கும் நேரத்தைத் தவிர்ப்பதே நல்லது. காதடைப்பானும், கண்களின் பக்கங்களையும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் சுவிட்சைத் தொடக் கூடாது. சீவல் ஊசிபோல் மெலிந்து, சூடாக, சட்டைக் கழுத்துக்குள்ளும் புகுந்துவிடும். பெட்டிப் புரொஃபைலைக் கிளாம்பில் இறுக்கும்போது உள்ளேயோ வெளியேயோ மரக்கட்டை கொடுத்தால் சுவர் நசுங்காது. அறுத்து முடித்ததும் பிளேடு முற்றிலும் நின்ற பிறகே கைப்பிடியை உயர்த்த வேண்டும். முன்னதாக உயர்த்தினால் பின்னெழும் பற்கள் சிறு துண்டைக் கவ்வி எறியும்.

இத்தனைக்கும் மாற்றாகச் சிலர் கிரைண்டரில் இரும்பு வெட்டும் வட்டைப் போட்டே அலுமினியத்தையும் அறுக்கிறார்கள். உருகிய உலோகம் வட்டின் துகள்களுக்கிடையே அடைத்துக்கொள்ள, வட்டு சூடேறி உடையக்கூடும். இரும்புப் பொறி பறக்கும் இடத்தில் அலுமினியத் தூளைச் சேரவிடுவதும் தீயை வரவழைப்பதாகும். இந்த ஆபத்தைத் தவிர்க்க 140 ரிங்கிட் அதிகமில்லை.

வாங்குவோர் அட்டையில் இரண்டைச் சரிபார்க்க வேண்டும்: நடுத்துளை 25.4 மில்லிமீட்டரா, 30 மில்லிமீட்டரா என்பதும், அனுமதிக்கப்பட்ட உச்சச் சுற்று தங்கள் ரம்பத்தின் சுற்றைவிட அதிகமா என்பதும். சாணை பிடிக்கும் கடையில், இரு உயரப் பற்களையும் தனித்தனியாகத் தீட்டும் இயந்திரம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளவும். எல்லாப் பற்களையும் ஒரே மட்டத்துக்குத் தீட்டிக் கொடுத்துவிட்டால், மிஞ்சுவது விலை கூடிய சாதாரண பிளேடுதான்.