ஐஸ்லாந்தில் வாடகைக் கார்: எதற்குப் பணம் கட்டலாம், எங்கே கையைக் கடிக்கும்

ஐஸ்லாந்தில் ரயில் கிடையாது. தலைநகர் ரெய்க்யாவிக்கைத் தாண்டிவிட்டால் பேருந்துகளும் அபூர்வம். நாட்டைச் சுற்றி வரும் 1ஆம் எண் வளையச் சாலையின் நீளம் 1,322 கிலோமீட்டர். அருவி, பனியாறு, மீன்பிடி ஊர் என்று கிளைச் சாலைகளிலும் நுழைந்து வந்தால் மீட்டர் 2,000 கி.மீ. தாண்டும். எனவே பயணம் எப்படி அமையும் என்பதைப் பெருமளவு முடிவு செய்வது வாடகைக் கார்தான். இந்த நாட்டின் வாடகைச் சேவையில் வண்டிகள் பொதுவாக நல்ல நிலையில் இருக்கும், கிலோமீட்டர் வரம்பு அநேகமாக இருக்காது. ஒப்பந்தம்தான் கறார். காற்று, தண்ணீர், வண்டியின் அடிப்பாகம் ஆகிய மூன்றிலும் வரும் சேதம், என்ன காப்பீடு எடுத்தாலும், பெரும்பாலும் ஓட்டியவர் தலையில்தான் விழும். ஆகவே நாள் வாடகையை ஒப்பிடுவதற்கு முன் காப்பீட்டுத் தாள்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதலில் எந்த வண்டி என்பது. வளையச் சாலை 2019இல் முழுவதும் தார்ச்சாலை ஆகிவிட்டது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அதை மட்டும் சுற்றுபவர்களுக்கு இரு சக்கர இயக்கம் கொண்ட சின்னக் காரே போதும். அதற்கு ஜீப் எடுப்பது வீண் செலவு. நான்கு சக்கர இயக்கம் வேண்டியது உள்நாட்டு மேட்டுநிலத்துக்கு. அங்கே போகும் சாலைகளின் எண்ணுக்கு முன்னால் எஃப் என்ற எழுத்து இருக்கும். எஃப் சாலையில் சாதாரணக் காரோடு இறங்குவது சட்டப்படி குற்றம், காப்பீடும் அந்த நொடியே செல்லாது. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு: நான்கு சக்கர இயக்கம் இருந்தாலே எஃப் சாலை அனுமதி கிடைத்துவிடாது. தாழ்வான சில நான்கு சக்கர வண்டிகளை நிறுவனங்களே எஃப் சாலைக்கு விடுவதில்லை. 'எஃப் சாலைக்கு அனுமதி உண்டு' என்ற வரி ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் இருப்பிடம் காட்டும் கருவி பொருத்தியிருப்பதால், போய்விட்டு மறைக்கவும் முடியாது.

வாடகையில் அதிகம் கிடைப்பவை டாசியா டஸ்டரும் சுசுகி ஜிம்னியும். பழைய எஃப்35 ஆன க்யோலுர் சாலைக்கு டஸ்டர் போதும். அங்கே பாலமில்லாத ஆறு கிடையாது. மேட்டுநில முகாமிடமான லாண்ட்மன்னலௌகாருக்கு வடக்கிலிருந்து வரும் எஃப்208 சாலைக்கும் போதும். முகாமுக்குச் சற்று முன்னால் வரும் ஓடைக்கு இப்புறமே வண்டியை நிறுத்திவிட்டு நடந்து போய்விடலாம். அதே எஃப்208இன் தெற்குப் பகுதி வேறு கதை, அங்கே வரிசையாக ஆறுகளில் இறங்கி ஏற வேண்டும். ஜிம்னி மேடு பள்ளத்துக்குச் சமர்த்து, ஆனால் பின் இருக்கையை நிமிர்த்தினால் ஒரு பெட்டிகூட வைக்க இடமில்லை. அது இரண்டு பேருக்கான வண்டி. தண்ணீரில் அது சுமார் 30 செ.மீ. ஆழம்தான் தாங்கும். பெரிய லேண்ட் க்ரூஸர் 70 செ.மீ. வரை போகும். தோர்ஸ்மோர்க் பள்ளத்தாக்குக்குப் போகும் எஃப்249இல் க்ரோஸா என்ற, பனி உருகி வரும் ஆறு குறுக்கே ஓடுகிறது. வாடகை வண்டியோடு அதில் இறங்கவே கூடாது; உயர்த்திக் கட்டிய பேருந்துகள் அந்த வழியில் ஓடுகின்றன, அவற்றில் ஏறிக்கொள்ளுங்கள்.

மேட்டுநிலச் சாலைகள் தேதி பார்த்துத் திறப்பதில்லை. பனி உருகி மண் காய்ந்த பிறகு, பொதுவாக ஜூன் பாதிக்கு மேல், சாலைத் துறை ஒவ்வொன்றாகத் திறக்கும். சில ஜூலை வரை இழுக்கும். மே மாதக் கடைசியில் எஃப் சாலைக்காகவே ஜீப் எடுப்பவர்கள் கூடுதல் வாடகையைக் கொடுத்துவிட்டு வளையச் சாலையிலேயே சுற்றுவார்கள்.

இனி காப்பீடு. இதை அவசரப்படாமல் படிக்க வேண்டும். வாடகையோடு சேர்ந்தே வருவது மூன்றாம் தரப்புக் காப்பீடும் சி.டி.டபிள்யூ. என்ற அடிப்படை மோதல் காப்பீடும். இதில் ஓட்டுபவர் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு பெரியது, லட்சக்கணக்கான குரோனா (ஐஸ்லாந்து நாணயம்) வரை போகும். எஸ்.சி.டி.டபிள்யூ. என்ற கூடுதல் மோதல் காப்பீடு எடுத்தால் அந்தப் பங்கு குறையும். அதற்கு மேல் ஜி.பி. என்ற சரளைக்கல் காப்பீடு. முன் கண்ணாடி, முகப்பு விளக்கு, முன்பக்கப் பெயின்ட் ஆகியவற்றில் கல் தெறித்தால் இது ஏற்கும். எதை விட்டாலும் இதை விடக் கூடாது. நீங்கள் மெதுவாகப் போனாலும் எதிரே வேகமாக வருபவரின் டயர் கல்லை அள்ளி வீசும். கண்ணாடியில் விழும் சின்ன நட்சத்திரக் கீறல் குளிரில் இரவோடு இரவாக நீண்டுவிடும், பிறகு முழுக் கண்ணாடியையும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

அடுத்தது மணல், சாம்பல் காப்பீடு. தெற்குக் கரையின் மீர்டால்ஸாந்துர், ஸ்கெய்தராஸாந்துர் சமவெளிகளில் காற்று கிளம்பினால் கருமணல் உப்புத்தாள் போல வேலை செய்யும். ஒரு பக்கப் பெயின்ட் முழுவதும் உரிந்து கண்ணாடி பால்நிறமாகிவிடும். இளவேனிலிலோ இலையுதிர் காலத்திலோ தெற்கே போவதாக இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் வடக்கும் மேற்கும் மட்டும் என்றால் இதை விட்டுவிடலாம். திருட்டுக் காப்பீட்டுக்குத் தனியாகப் பணம் கேட்டால் நிதானமாக மறுக்கலாம், அந்த நாட்டில் கார் திருட்டு அவ்வளவு அரிது. டயருக்கும் விளிம்புக்கும் தனிக் காப்பீடு இருந்தால், மேற்கு ஃபியோர்டுகள் என்ற வடமேற்குப் பகுதியின் மண் சாலைகளுக்கோ மேட்டுநிலத்துக்கோ போகிறவர்களுக்கு அது பிரயோஜனம்.

எந்தக் காப்பீடும் பெரும்பாலும் ஏற்காத சேதங்களில் முதலாவது, காற்று பிடுங்கிய கதவு. வண்டியின் முதுகுப்பக்கம் காற்று அடிக்கும்போது கதவை லேசாகத் திறந்தால் போதும், அது கையிலிருந்து பறந்து முன் பக்கத் தகட்டில் மோதும். கீல் வளைந்து, பிறகு கதவு பொருந்தி மூடாது. செலவு கதவோடு நிற்பதில்லை, கீல் இருக்கும் தூணையும் பக்கத் தகட்டையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டிவரும். தடுக்க வழி சுலபம்: மூக்கு காற்றை நோக்கும்படி நிறுத்துங்கள். ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் கதவின் விளிம்பையும் பிடித்துக்கொண்டு திறங்கள். ஒரே நேரத்தில் இரண்டு பக்கக் கதவுகளையும் திறக்காதீர்கள், காற்று ஊடுருவிப் போகும். பின் இருக்கையில் இருப்பவர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. கதவை இழப்பது அநேகமாக அவர்கள்தான்.

இரண்டாவது தண்ணீர். ஆற்றைக் கடக்கும்போது இன்ஜின் தண்ணீரை இழுத்துக்கொண்டால், இன்ஜின் விலையோடு மீட்பு வண்டிச் செலவும் சேர்ந்து வரும். பனியிலிருந்து வரும் ஆறுகள் மத்தியானத்துக்கு மேல் பெருகும், வெயில் பனியை உருக்குவதால். காலையில் முழங்கால் அளவு இருந்த இடம் மாலையில் இடுப்பளவு ஆகும். நடந்து கடக்கத் துணியாத தண்ணீரில் வண்டியை விடாதீர்கள். மூன்றாவது அடிப்பாகம்: இன்ஜின் எண்ணெய்த் தொட்டியில் கல் இடித்து ஓட்டை விழுவது. சாலையை விட்டு விலகி மண்ணிலோ பாசியிலோ ஓட்டுவது நாடு முழுவதும் தடை, அபராதம் கடுமையாக இருக்கும். அந்தப் பாசி மறுபடி வளர பல பத்தாண்டுகள் ஆகும் என்பதால் அந்தக் கடுமை நியாயமே.

கிரெடிட் கார்டோடு வரும் வாடகைக் கார் காப்பீட்டை நம்பிப் போகிறவர்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, தார் போடாத சாலையை அது விலக்குகிறதா. பல விலக்குகின்றன. இரண்டு, அது முதலில் உங்களைக் கட்டச் சொல்லிப் பிறகு திருப்பித் தரும் வகை. அதனால் வாடகைக் கடை பெரிய தொகையை முன்பிடித்தமாகக் கார்டில் முடக்கும். கார்டு முதன்மை ஓட்டுநரின் பெயரிலேயே இருக்க வேண்டும், டெபிட் கார்டைப் பலர் ஏற்பதில்லை. கார்டு தேய்க்கும் கருவி எந்த நாணயத்தில் கழிக்கட்டும் என்று கேட்டால் குரோனாவையே அழுத்துங்கள்.

வயது வரம்பு பொதுவாகச் சின்னக் காருக்கு 20, ஜீப்புக்கு 23. உரிமம் லத்தீன் எழுத்தில் இல்லாவிட்டால் சர்வதேச அனுமதியும் தேவை. மலிவான வண்டிகள் பெரும்பாலும் கையால் கியர் போடுபவை. இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள் வலக்கையால் கியர் போட்டுக்கொண்டு புதுப் பக்கத்தில் ஓட்டுவதைவிட ஆட்டோமேட்டிக்குக்கு கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது மேல்.

கெஃப்லாவிக் விமான நிலையத்தில் வண்டி எடுக்கும்போது சில நிறுவனங்கள் முனையத்துக்குள்ளேயே இருக்கும், மற்றவை கொஞ்ச தூரத்தில், சிறு பேருந்தில் கொண்டுபோவார்கள். வெளியே இருப்பவை விலை குறைவு. கோடைக் காலத்தில் அங்கே வரிசையில் ஒரு மணி நேரம் போகலாம், அவ்வளவுதான் வித்தியாசம். பொறுமை இருப்பவர்களுக்கு வெளிக்கடைகளே லாபம்.

வண்டியை உங்களிடம் ஒப்படைக்கும்போது அவசரப்படுத்துவார்கள், அவசரப்படாதீர்கள். மழையில் நனைந்த வண்டியில் கீறல் தெரியாது, குளிர்காலக் காலையில் வெளிச்சமும் இருக்காது. கூரைக்கடியில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லுங்கள், அல்லது துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். நிறுத்தாமல் ஒரே காணொளியாக வண்டியைச் சுற்றி எடுங்கள்: முன் கண்ணாடி, பம்பரின் கீழ் விளிம்பு, நான்கு சக்கர விளிம்புகள், கூரை. பிறகு கீல் பக்கம்: ஒவ்வொரு கதவையும் திறந்து மூடி, இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவா என்று பாருங்கள், முன்பே வளைந்த கதவு இங்கேதான் பிடிபடும். ஸ்டெப்னி, ஜாக்கி, நட்டுத் திருகி, இழுவைக் கொக்கி உள்ளே இருக்கிறதா? சில வண்டிகளில் ஸ்டெப்னிக்குப் பதில் பஞ்சர் திரவம்தான் இருக்கும். மேட்டுநிலத்துக்கு அது பயன்படாது, பக்கவாட்டில் கிழிந்த டயரை அது அடைக்காது.

சாலையில் வேகம் ஊருக்குள் 50, சரளையில் 80, தாரில் 90. முகப்பு விளக்கு பகலிலும் எரிய வேண்டும். வாடகை வண்டிகள் கவிழ்வது அதிகமும் தார் முடிந்து சரளை தொடங்கும் இடத்தில். 90இல் வந்து அங்கே பிரேக்கை மிதித்தால் டயருக்குப் பிடிமானம் இருக்காது. 'மால்பிக் என்டார்' (தார் முடிகிறது) என்ற பலகையைக் கண்டதுமே, தாரில் இருக்கும்போதே வேகத்தைக் குறையுங்கள். ஒற்றை வழிப் பாலத்தில் முதலில் நெருங்கியவருக்கு வழி. இரட்டைத் தட ரவுண்டானாவில் உள்தடத்தில் வருபவருக்கே முன்னுரிமை, வேறு நாடுகளில் ஓட்டியவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

எண்ணெய் போடும் இடங்கள் பல ஆளில்லாதவை. கார்டோடு அதன் ரகசிய எண்ணையும் (PIN) கேட்கும், அது தெரியாவிட்டால் கடை திறந்திருக்கும் நேரத்தில் முன்பணக் கார்டு வாங்கி வைக்கலாம். 'முழு டேங்க்' என்று அழுத்தினால் பெரிய தொகை சில நாள் முடங்கும், எவ்வளவு தேவையோ அந்தத் தொகையை அழுத்துவது நல்லது. மீவத்ன் ஏரிக்கும் எகில்ஸ்டாதிர் ஊருக்கும் இடையே சுமார் 165 கி.மீ. வெறும் பாலைநிலம், கிளம்புமுன் நிரப்பிக்கொள்ளுங்கள்.

வடக்கே அகுரெய்ரி நகருக்கு அருகே உள்ள வாத்லாஹெய்தி சுரங்கம் 7.4 கி.மீ. நீளம். கட்டணச் சாவடி கிடையாது, கேமரா எண்ணைப் படிக்கும், இணையத்தில் 24 மணி நேரத்துக்குள் கட்ட வேண்டும். தவறினால் ரசீது வாடகைக் கடைக்குப் போய், அவர்கள் தங்கள் சேவைக் கட்டணத்தையும் சேர்த்துக் கழிப்பார்கள். வேகக் கேமரா அபராதமும், அருவிகளின் வாகன நிறுத்தக் கட்டணமும் அப்படியே. கட்டாமல் விட்ட நூறு ரூபாய் போன்ற தொகை பல மடங்காகத் திரும்பி வருவது இந்தச் சேவையில் எரிச்சல் தரும் பகுதி. சுரங்கத்தைத் தவிர்க்க விரும்புபவர்களுக்கு வீகுர்ஸ்கார்து கணவாய் வழியே பழைய சாலை இலவசம், கோடையில் நல்ல காட்சியும் கூட.

குளிர்காலத்தில் ஆணி பதித்த டயர் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 14 வரை அனுமதி. முன்பதிவின்போதே ஆணி டயர் என்று எழுத்தில் கேளுங்கள், 'குளிர்கால டயர்' என்று சொன்னால் ஆணியில்லாததும் அதில் அடங்கும். காற்று முன்னறிவிப்பு நொடிக்கு மீட்டரில் வரும். 15 என்றால் மணிக்கு 54 கி.மீ. அந்த அளவிலேயே உயரமான கேம்பர் வேன் ஆட்டம் காணும், 20க்கு மேல் அதை ஓட்டாமல் நிறுத்திவிடுவது உயிருக்கு நல்லது. சாலைத் துறை மூடிய சாலையில் தடுப்பைச் சுற்றிக்கொண்டு போனால் காப்பீடும் இல்லை, மீட்புச் செலவும் உங்களுடையது.

திருப்பித் தரும் நாளில் எண்ணெய் நிலையத்தில் உள்ள கழுவும் இடத்தில் தூரிகையும் தண்ணீரும் இலவசம். பதினைந்து நிமிடம் செலவழித்துக் கழுவுங்கள். சேறு பூசிய வண்டியை 'பிறகு பார்க்கிறோம்' என்று வாங்கி வைத்துக்கொள்வார்கள், பரிசோதனை நீங்கள் விமானத்தில் இருக்கும்போது நடக்கும். அதிகாலை விமானமாக இருந்து சாவியைப் பெட்டியில் போடுவதானால், கழுவிய வண்டியைச் சுற்றி மறுபடி ஒரு காணொளி எடுங்கள், எண்ணெய் முள்ளும் கிலோமீட்டர் எண்ணும் ஒரே படத்தில் தெரியும்படி ஒரு புகைப்படமும் எடுங்கள். முன்பிடித்தம் கார்டுக்குத் திரும்பும் வரை இரண்டையும் அழிக்க வேண்டாம்.