டிஆர்எல்லுக்கு சாதா பல்பா, எல்இடி பல்பா, ஸ்ட்ரிப்பா, முழு லேம்ப்பா?

வீட்டுக்காரம்மா தான் முதல்ல பாத்தாங்க, "உங்க காரு ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு நிக்குது"ன்னு. போய்ப் பாத்தா இடது பக்க டிஆர்எல், அதாங்க பகல்லயும் எரியற முன்பக்க லைட்டு (டேடைம் ரன்னிங் லேம்ப்), அவுட். ரெண்டு வருஷத்துல இது மூணாவது தடவ, மூணு தடவையும் இடது பக்கமே தான் போகுது, வலது பக்கம் வண்டி வாங்குனப்போ கம்பெனி போட்ட பல்பே இன்னும் எரிஞ்சுக்கிட்டு இருக்கு. இந்த தடவ ஒரேயடியா நல்லதா எதையாவது போட்டுத் தொலைச்சிடலாம்னு ஒரு சனிக்கிழமை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கு கிளம்பிட்டேன். சென்னையில கார் ஆக்சஸரீஸ்னா அங்க தானே போவோம்.

ஒரே மணி நேரத்துல நாலு கடையில நாலு விதமா சொன்னாங்க. அதே சாதா பல்பு போடுங்க, எல்இடி பல்பு போடுங்க, பம்பர்ல ஸ்ட்ரிப் ஒட்டிடலாம், டாப் வேரியண்ட் லேம்ப்பையே மாத்திடுங்க. நாலையும் விசாரிச்சு, ஒண்ண போட்டுப் பாத்து கழட்டி, கடைசில ஒரு முடிவுக்கு வந்தேன், அந்தக் கதை தான் இது.

மொதல்ல ஒரு விஷயம். டிஆர்எல் நமக்கு ரோடு தெரியறதுக்கு இல்ல, எதிர்ல வர்றவனுக்கு நம்ம தெரியறதுக்கு. அதனால "ரொம்ப பிரைட்டு சார்"னு கடைக்காரர் சொன்னா அது பெருமையே கிடையாது. ஐரோப்பாவுல 2011 பிப்ரவரில இருந்து புது மாடல் கார்ல இது கட்டாயம், அவங்க ஆர்87 விதிப்படி நேர் முன்னாடி குறைஞ்சது 400 கேண்டெலா (ஒரு திசைல போற வெளிச்சத்தோட அளவு) இருக்கணும், எந்தப் பக்கமும் 1200-ஐ தாண்டக்கூடாது, கலர் வெள்ளை மட்டும். நம்ம ஊர்ல காருக்கு கட்டாயம் இல்ல, டூவீலருக்கு தான் 2017 ஏப்ரல்ல இருந்து ஹெட்லைட் தானா எரியணும்னு வந்துச்சு. ஆனா கம்பெனி டிஆர்எல் குடுத்திருந்தா அது அப்ரூவல் வாங்குன லேம்ப், நம்ம இஷ்டத்துக்கு அதுல கை வைக்க முடியாது.

என் வண்டி மிட் வேரியண்ட், டிஆர்எல்ல உக்காந்திருக்கறது பி21டபிள்யூ பல்பு. 12 வோல்ட், 21 வாட், மொத்த வெளிச்சம் 460 லூமென். பழைய வண்டிங்கள்ல பிரேக் லைட்டுக்கும் இண்டிகேட்டருக்கும் போடுவாங்களே, அந்த உருண்டைக் கண்ணாடி பல்பு தான். கடைல எல்லாரும் ஹாலஜன்னு தான் சொல்றாங்க, ஆனா இது ஹாலஜனே இல்ல, சாதா இழை பல்பு. பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் விட்டு விட்டு எரியறதுக்கு பொறந்தது, அத இன்ஜின் ஓடுற நேரம் முழுக்க எரிய வச்சா எப்படி தாங்கும், நான் ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் ஓட்டுறேன்னு வச்சாலே வருஷத்துக்கு 700 மணி நேரம் ஆச்சு. கழட்டின பல்ப வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன், கண்ணாடி உள்பக்கம் வெள்ளி மாதிரி ஒரு கருப்பு பூசியிருக்கு, இழை நடுவுல அறுந்து ஒரு முனை கீழ தொங்குது. ஆயுசு முடிஞ்சு போன பல்பு, வேற குத்தம் ஒண்ணும் இல்ல.

சரி, எல்இடிக்கு வருவோம், எல்லாருக்கும் ஆசை அதுல தான். ஜோடி ஆயிரத்து இருநூறுன்னு வாங்கினேன். "கேன்பஸ் சார், எர்ரரே வராது"ன்னு கடைத் தம்பி அடிச்சுச் சொன்னான், அதாவது வண்டி கம்ப்யூட்டர் வார்னிங் காட்டாத ரகமாம். மொதல்ல இடது பக்கம் மட்டும் போட்டேன், பளிச்சுன்னு வெள்ளையா இருந்துச்சு, மனசுக்கு சந்தோஷம் தான், பொய் சொல்ல மாட்டேன். அடுத்த நாள் காலையில ஆபீஸ் கிளம்பும்போது டேஷ்போர்டுல பல்பு வார்னிங். ஏன்னா 21 வாட் பல்பு கிட்டத்தட்ட 1.75 ஆம்பியர் இழுக்கும், இந்த எல்இடி அதுல கால்வாசி கூட இழுக்கறதில்ல, வண்டி கம்ப்யூட்டர் பல்பு போயிருச்சுன்னு நினைச்சுக்குது. அதுக்கு கடைல என்ன வைத்தியம்னா ஒரு 6 ஓம் ரெசிஸ்டர் பேரலல்ல போடுறது. 13.5 வோல்ட்ல அந்த ரெசிஸ்டர் மட்டுமே 30 வாட் சூடு வெளிய விடும், தங்க கலர் அலுமினிய டப்பாவுல வருமே அத வயரிங் மேலயோ பிளாஸ்டிக் மேலயோ டேப் போட்டு சுத்தி வச்சா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க. கரண்ட் மிச்சம்னு எல்இடி வாங்கிட்டு பழைய பல்ப விட அதிகமா சூட்ட பானெட்டுக்குள்ள கொட்டறதுல என்ன அர்த்தம் இருக்கு.

இன்னொண்ணு, சாயங்காலம் அபார்ட்மெண்ட் பார்க்கிங்ல சுவத்துக்கு நேரா நிறுத்திப் பாத்தேன். பழைய பல்பு போட்டிருக்கற பக்கம் ஒரே சீரா மஞ்சளா ஒரு வட்டம். எல்இடி பக்கம் நடுவுல ஒரு கருப்புத் திட்டு, சுத்தி புள்ளி புள்ளியா வெள்ளை. ரிஃப்ளெக்டர செஞ்சது அந்த இழை எந்த மில்லிமீட்டர்ல நிக்குதோ அந்த இடத்துக்கு கணக்குப் போட்டு. எல்இடில சிப்பு நாலு பக்கமும் மண்டை மேலயும் ஒட்டியிருக்கு, வெளிச்சம் வேற இடத்துல இருந்து பொறப்படுது, அப்புறம் அந்தக் கணக்கெல்லாம் எங்க நிக்கும். பக்கத்துல நின்னு பாத்தா கண்ண கூசுது, ஐம்பது அடி தள்ளி நேரா நின்னா பழைய பல்ப விட டல்லு.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, "ஆர்சி புக்ல பல்பு பத்தி ஒரு வரி கூட இல்லயே சார்"னு கடைல ஒரு வாதம் வைப்பாங்க. வாஸ்தவம் தான் இல்ல. ஆனா அந்த லேம்ப் அப்ரூவ் ஆனதே பி21டபிள்யூ பல்போட தான், நம்ம நாட்டு வாகனத் தர விதிகள்ல இழை பல்புக்குன்னு ஏஐஎஸ்-034 இருக்கு, எந்த லைட் எங்க எப்படி இருக்கணும்னு ஏஐஎஸ்-008 இருக்கு. நான் வாங்குன எல்இடி டப்பாவுல பின்பக்கம் பொடி எழுத்துல ஆஃப்ரோடு யூஸ் ஒன்லின்னு அவனே அச்சடிச்சிருக்கான், அத வீட்டுக்கு வந்து தான் பாத்தேன். 2019 திருத்தத்துல மோட்டார் வாகனச் சட்டத்துல 182ஏ-ன்னு ஒரு பிரிவு வந்துச்சு, அதோட நாலாவது உட்பிரிவுல சட்டம் அனுமதிக்காத மாதிரி ஓனர் வண்டிய மாத்தினா, பார்ட்ஸ் ரெட்ரோஃபிட் பண்றது (பின்னாடி வேற பார்ட்ஸ் வாங்கி மாட்டறது) உட்பட, மாத்தம் ஒண்ணுக்கு 5000 ரூபா அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும்னு இருக்கு. அதே வருஷம் ஜனவரில உச்ச நீதிமன்றமும் கேரளாவுல இருந்து போன ஒரு வழக்குல, கம்பெனி ஸ்பெசிஃபிகேஷனுக்கு மாறா வண்டிய மாத்த முடியாதுன்னு 52-வது பிரிவ வச்சு சொல்லிடுச்சு. டிஆர்எல் பல்புக்காக டிராஃபிக் போலீஸ் நிறுத்தி நான் பாத்தது இல்ல தான், ஆனா நாளைக்கு ஒரு ஆக்சிடெண்ட்டு, ஒரு வயரிங் தீன்னா இன்சூரன்ஸ் சர்வேயர் பானெட்ட திறப்பாரு, அப்ப அந்த தங்க கலர் டப்பா தான் மொதல்ல கண்ணுல படும்.

ஜெர்மனில 2020-ல இருந்து எச்7-ங்கற பல்பு ரகம் போடற ஹெட்லைட்டுக்கு எல்இடி பல்பு ரோடு லீகலா விக்கிறாங்களேன்னு கேப்பீங்க. விக்கிறாங்க, ஆனா இன்ன இன்ன கார் மாடல்னு லிஸ்ட் போட்டு, அந்த லிஸ்ட்ல இருக்கற லேம்ப்புக்கு மட்டும், அவங்க நாட்டு அப்ரூவலோட. அத காட்டி இங்க யாரும் தப்பிக்க முடியாது.

உங்க வண்டில டிஆர்எல் எச்15 பல்புல வருதுன்னா எல்இடி நினைப்பே வேண்டாம். ஒரே பல்புல ரெண்டு இழை, 15 வாட் டிஆர்எல்லுக்கு, 55 வாட் ஹை பீமுக்கு. அதுல எல்இடி சொருகினா டிஆர்எல்லோட சேத்து ஹை பீமும் கெடும், எதிர்ல வர்றவன் திட்டறது நியாயம் தான்.

பம்பர் ஸ்ட்ரிப்பு பத்தி ரொம்ப பேச ஒண்ணும் இல்ல. ஓடுற மாதிரி ஆரஞ்சு இண்டிகேட்டர், ஆன் பண்ணினா நீலமா ஒரு டான்ஸு, இதுலெல்லாம் அப்ரூவல் மார்க்கும் இல்ல ஒண்ணும் இல்ல, தாராளமா ஒதுக்கிடலாம். ஆனா அதே வரிசைல கொஞ்சம் கௌரவமான ஒண்ணும் இருக்கு, லென்ஸ்ல வட்டத்துக்குள்ள ஈ மார்க்கும் (ஐரோப்பிய அப்ரூவல் முத்திரை) பக்கத்துல ஆர்எல்-னு எழுத்தும் இருக்கற தனி டிஆர்எல் மாட்யூல். ஆர்எல்னா டிஆர்எல்லா டெஸ்ட் ஆன லேம்ப்னு அர்த்தம், வெறும் ஏ-னு இருந்தா அது பார்க்கிங் லைட்டு, மாத்தி ஏமாந்துடாதீங்க. தரையில இருந்து 25 செண்டிமீட்டருக்கு மேல 150-க்குள்ள, ரெண்டுக்கும் நடுவுல 60 செண்டிமீட்டர் இடைவெளி, ஹெட்லைட் போட்டதும் தானா அணையணும், இதெல்லாம் ஐரோப்பிய விதி. லேம்ப்பா பாத்தா எல்இடி பல்ப விட இது நூறு மடங்கு ஒழுங்கு. ஆனா டிஆர்எல்லே இல்லாத வண்டிக்கு யோசிக்கலாம்னா கூட, நம்ம ஊர்ல அதுவும் ரெட்ரோஃபிட் தான், ஆர்டிஓ-ல கேக்காம பம்பர அறுக்காதீங்க. என் வண்டில ஏற்கனவே டிஆர்எல் இருக்கு, அதுக்கு மேல இன்னொண்ணு எதுக்கு.

டாப் வேரியண்ட் லேம்ப், இது தான் உண்மையான அப்கிரேடு. எல்இடியும் ரிஃப்ளெக்டரும் லென்ஸும் சேந்து ஒண்ணா அப்ரூவ் ஆனது, அதே மாடலுக்கு கம்பெனி போட்டது, மஞ்சளும் கிடையாது கருப்புத் திட்டும் கிடையாது. ஷோரூம்ல ஜோடிக்கு என்கிட்ட சொன்ன விலை இருபத்தி ரெண்டாயிரம், அது போக கனெக்டர் பின் வேற, கம்ப்யூட்டர்ல கோடிங் பண்ணணும், அந்த கோடிங்க பண்ணித் தருவோம்னு அவங்களே உறுதியா சொல்லல. புதுப்பேட்டையில ஒரு ஜோடி பழசு ஏழாயிரத்துக்கு கிடைச்சுச்சு, ஆனா ஒண்ணுல மவுண்டிங் காது உடைஞ்சு ஒட்டியிருந்தாங்க, கையில வாங்கி அப்படியே திருப்பிக் குடுத்துட்டேன். காசு இருக்கறவங்க, ஷோரூமே போட்டு பில் குடுத்து இன்சூரன்ஸ்லயும் சொல்லிட்டாங்கன்னா, வெள்ளை லைட் வேணுங்கறதுக்கு நாலுல இந்த ஒரு வழி தான் நான் ஒத்துக்குவேன்.

கடைசில நான் போட்டது என்னன்னு கேட்டா சிரிப்பீங்க. எங்க ஏரியா எலக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட எல்இடிய கழட்டச் சொல்லி போனேன். அவர் பல்ப பாக்கவே இல்ல, மீட்டர எடுத்தாரு. பேட்டரில 14.1 வோல்ட், இடது ஹோல்டர்ல 13.9, வலது ஹோல்டர்ல 12.6. "தம்பி, சீக்கு இடதுல இல்ல, வலதுல"ன்னாரு. வலது ஹோல்டர் எர்த் பின்ல பச்சை பூத்துப் போய் கிடந்துச்சு. வோல்டேஜ் பத்து சதவீதம் குறைஞ்சா இழை பல்புல வெளிச்சம் கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு போயிடும், ஆனா ஆயுசு பல மடங்கு கூடும், அதனால தான் அந்தக் கம்பெனி பல்பு சாகாம இருந்திருக்கு, நான் என்னமோ வலது பக்கம் தான் ஆரோக்கியம்னு ரெண்டு வருஷமா நினைச்சுக்கிட்டு இருந்தேன். அவர் ஹோல்டர சுரண்டி, கிளீனர் அடிச்சு, எர்த்த புதுசா இழுத்து விட்டாரு. ரெண்டு பக்கமும் லாங் லைஃப் பி21டபிள்யூ, ஈ மார்க் உள்ளது, ஒண்ணு நூத்தி பத்து ரூபா. சாதா பல்புன்னா அறுபது, லாங் லைஃப்ல வெளிச்சம் ஒரு பொடி கம்மி தான், ஆனா நாள் முழுக்க எரியற வேலைக்கு அது தான் லாயக்கு. நீலக் கோட்டிங் போட்ட பல்பு ஒண்ணும் கடைல காட்டினாங்க, அந்தக் கோட்டிங் மஞ்சள முழுங்கித் தான் வெள்ளையா காட்டும், மொத்த வெளிச்சம் அதிகமாகாது, அத விட்டுட்டேன். அப்படியே லென்ஸ் மேல மஞ்ச பூத்திருந்தத பாலிஷ் போட்டு விட்டாரு, அதுக்கு முந்நூறு. எல்லாம் சேத்து ஆயிரத்தத் தாண்டல, சுவத்துக்கு நேரா நிறுத்திப் பாத்தா ரெண்டு வட்டமும் ஒரே மாதிரி.

வாங்கப் போறவங்க பழைய பல்ப கையோட எடுத்துட்டுப் போங்க. பாக்க ஒரே மாதிரி இருக்கும், பி21டபிள்யூ-ல அடியில ஒரு புள்ளி, பி21/5டபிள்யூ-ல ரெண்டு புள்ளி, இண்டிகேட்டர் பல்பு பிஒய்21டபிள்யூ-ல பக்கவாட்டு பின் கோணல்ல இருக்கும். எனக்கே மொத நாள் ரெண்டு புள்ளி பல்ப குடுத்து அனுப்பினாங்க, அமுக்கி அமுக்கிப் பாத்தும் உக்காரல, ஹோல்டர் உடையாம தப்பிச்சது பெரிய விஷயம். அந்த எல்இடி ஜோடி கிளவ் பாக்ஸ்ல தான் கிடக்கு, பசங்க சைக்கிள்ல மாட்டித் தரச் சொல்லி கேட்டுக்கிட்டு இருக்காங்க.