நெல்லையில் வாடகைக்கு விட வீடா, மனையா? வெளியூரில் இருந்து வாங்குபவருக்கு

துபாயில் இருக்கும் என் மச்சினன், வாடகை வருகிற மாதிரி நெல்லையில் ஒரு சொத்து வாங்கப் பார்க்கிறான். மகாராஜநகரில் பழைய வீடு, கே.டி.சி. நகர் பக்கம் மனை, அபிஷேகப்பட்டியில் மலிவான மனை என மூன்றைச் சொன்னான்.

விலை கிடக்கட்டும், முதலில் தண்ணீரைப் பார் என்றேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டை, ஜங்ஷன் பஸ் ஸ்டாண்ட், கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வரை தாமிரபரணி வந்துவிட்டது. ஆற்றை விட்டுத் தள்ளி வாங்கினால் போதும் என்பதும் தப்பு. புது பஸ் ஸ்டாண்ட் எழுந்த இடத்தின் பெயரே வேய்ந்தான்குளம். நம் பக்கம் குளத்துக்குக் குளம் வாய்க்கால் உண்டு. அதைத் தூர்த்து மனை போட்டாலும் மழைத்தண்ணீர் பழைய வழியிலேதான் வரும்.

மகாராஜநகருக்குப் பக்கத்திலேயே ஹைகிரவுண்ட் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி, உழவர் சந்தை, பாளையங்கோட்டைப் பள்ளி, கல்லூரிகள். குடிவர ஆள் தேட வேண்டாம். விலை கூடுதல்தான், வயரிங்கும் பைப்பும் மாற்றச் செலவு இருக்கும். ஆனாலும் தூரத்தில் இருப்பவனுக்கு இதுதான் சரி என்பது என் எண்ணம்.

கே.டி.சி. நகருக்கு நாற்கரச் சாலை பக்கம், வாகைக்குளத்தில் இருக்கும் தூத்துக்குடி விமான நிலையம் போகவும் வசதி. ஆனால் வெறும் மனை வாடகை தராது. வேலி போட்டு, யாராவது அவ்வப்போது போய்ப் பார்க்க வேண்டும்.

அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்து பல வருடம் ஆகிவிட்டது, ஆனாலும் மனை இன்னும் மலிவாகவே கிடக்கிறது. பத்து வருடம் காத்திருக்க முடிந்தவர்கள் யோசிக்கலாம், மச்சினனுக்கு வேண்டாம்.

பேப்பரை அவன் அங்கிருந்தே பார்க்கலாம். வில்லங்கச் சான்று ஆன்லைனில் கிடைக்கும், ஆனால் பதிவான பத்திரங்கள்தான் அதில் வரும். மனை என்றால் சர்வே எண்ணை வைத்து அ-பதிவேடும் (நிலம் என்ன வகை என்று சொல்லும் வருவாய்த்துறைப் பதிவு) புலப்படமும் (நிலத்தின் அளவு வரைபடம்) எடுத்து, ஓடையோ வாய்க்கால் புறம்போக்கோ ஒட்டிப் போகிறதா என்று பார்க்க வேண்டும். 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட அங்கீகாரமில்லாத மனை என்றால் அதை அரசு பிறகு முறைப்படுத்திக் கொடுத்த வரன்முறை ஆணையைக் கண்ணால் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

ஒரு விஷயத்துக்கு மட்டும் ஆள் நேரில் போயே ஆக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை விட்ட மறுநாள் சித்தப்பா அந்தத் தெருவுக்குப் போய், "ஆச்சி, இங்க தண்ணி எத்தனை நாள் நிக்கும்?" என்று கேட்பார். அதுவரை மகாராஜநகர் வீட்டுக்கும் முன்பணம் கிடையாது.