பிளான் மறுத்தால் எங்கே போவது: சென்னையா, மதுரையா, கேரளத்து வழியா?

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கத்தில் கீழே இரண்டு கடை, மேலே வீடு என்று நான் கொடுத்த பிளான் திரும்பி வந்தது. ஆணையில் காரணம் ஒரே வரி: அணுகுசாலை அகலம் போதாது. அதற்குப் பிறகு எந்த வாசலைத் தட்டுவது என்று யோசித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். மூன்று வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்கிறேன்.

வீடு மட்டும் கட்டுபவர்களில் பலருக்கு இந்தத் தொல்லை குறைந்துவிட்டது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்ட 2024 ஜூலை முதல் சுயசான்று முறை இருக்கிறது. கடை, மனைப்பிரிவு, நில உபயோக மாற்றம் என்று போகும்போதுதான் சிக்கல். மலையோர ஊர்களில் ஹாகா என்ற மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதியும் சேர்ந்துகொள்ளும்.

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் போடுவதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். சட்டத்திலேயே மேல்முறையீட்டுக்கு இடம் இருக்கும்போது, பெரும்பாலும் நீதிமன்றம் அங்கேதான் போகச் சொல்லும். "மனுவை இத்தனை வாரத்துக்குள்ள முடிக்கணும்னு ஒரு உத்தரவு வாங்கலாம் அண்ணே, அகலம் எத்தனை அடின்னு அவங்க அளக்க மாட்டாங்க" என்றார் வக்கீல். மனு கிடப்பில் கிடந்தால் அந்த உத்தரவுக்குப் பெரிய மதிப்பு உண்டு. முதல் படியாக ஏற எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே 1971-ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 79-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்தேன். (பூட்டி சீல் வைக்க நோட்டீஸ் வந்தவர்களுக்கு 80-ஏ பிரிவு; அதில் எனக்கு அனுபவம் இல்லை.) மனு சென்னைக்குப் போனது. விசாரணைக்குக் குழித்துறையில் அனந்தபுரி ரயில் ஏறிப் போய்வர வேண்டும். தூரத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மேல்முறையீட்டைக் கேட்பவர் கையில் இருந்த ஆதாரம்தான் என்னை உறுத்தியது. மறுத்த அலுவலகம் எழுதிய குறிப்பு, மறுத்த அலுவலகம் அனுப்பிய வரைபடம், அவ்வளவுதான்.

எங்கள் இடவழியை, அதாவது மனைக்குப் போகும் சந்தை, எடுத்துக்கொள்ளுங்கள். எஃப்எம்பி என்ற நில அளவை வரைபடத்தில் அது இன்றும் ஒற்றையடிப் பாதை. நேரில் பார்த்தால் இரண்டு பக்கத்துக்காரர்களும் கையாலையை (எல்லைச் சுவரை) உள்ளே தள்ளி, ஆளுக்குக் கொஞ்சம் இடம் விட்டு ஆவணமும் எழுதியிருக்கிறார்கள். எம்சாண்ட் லாரி உள்ளே வந்து திரும்பிப் போகிறது. ஒரு ஆள் டேப்பின் ஒரு முனையைப் பிடித்தால் முடிந்துபோகும் விஷயம். சென்னை விசாரணையில் நான் இதைச் சொன்னேன், ஆவணத்தையும் கொடுத்தேன். தலத்தைப் பார்த்து மறுபடி முடிவெடுக்கும்படி கோப்பு திரும்பி வந்தது. அளந்தார்கள், அனுமதி கிடைத்தது. நியாயம் கிடைத்தது உண்மை. ஆனால் முதல் நாளே செய்திருக்க வேண்டிய ஒரு அளவுக்காகக் கோப்பு தமிழ்நாட்டின் நீளம் முழுக்கப் போய்வந்தது. இதற்கிடையில் கம்பி விலையும் கூலியும் நின்று காத்திருக்கவில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் கல்யாணம் செய்துகொடுத்த என் சித்தி மகளுக்கும் இதேபோலக் கட்டட அனுமதி மறுக்கப்பட்டது. அவள் போனது திருவனந்தபுரத்தில் உள்ள உள்ளாட்சி அமைப்புகளுக்கான தீர்ப்பாயத்துக்கு. கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டம், 1994-இன் கீழ் வருவது அது. மாவட்ட நீதிபதி நிலையில் உள்ள ஒருவர் உட்கார்ந்து கேட்கிறார். பஞ்சாயத்துச் செயலாளர் எதிர்மனுதாரர். ஏன் மறுத்தோம் என்று அவர் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் தீர்மானிக்கும் வித்தியாசம் இதுதான். மறுத்தவரும் மறுக்கப்பட்டவரும் ஒரே தட்டில் நிற்கிறார்கள். மேலே உட்கார்ந்திருப்பவர் அந்தத் துறையின் மேலதிகாரி இல்லை. நாளை ஒருவர் தன் ஒற்றை வரி மறுப்பை நீதிபதி முன் விளக்க வேண்டிவரும் என்றால், இன்றைக்கே டேப்பை எடுத்துக்கொண்டு இடத்துக்கு வருவார்.

1956 நவம்பர் 1-க்கு முன் விளவங்கோடும் நெய்யாற்றின்கரையும் ஒரே மாநிலத்தில் இருந்தவை. இன்று களியக்காவிளையைத் தாண்டினால் இப்படி ஒரு வாசல், இந்தப் பக்கம் இல்லை என்பது எனக்கு ஆற்றாமைதான்.

கேரள முறையை நான் பக்கத்திலிருந்து பார்த்தது ஒரே ஒரு வழக்கில். எல்லாருக்கும் அவ்வளவு நேராக நடக்கும் என்று சொல்ல மாட்டேன். தீர்ப்பாயம் திருவனந்தபுரத்தில் இருப்பதால் பாறசாலைக்காரருக்கு அது பக்கம். காசர்கோட்டுக்காரருக்கு நாம் சென்னை போவது மாதிரிதான். நம் சட்டத்தைத் திருத்தும்போது இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். தென் மாவட்டங்களுக்குத் தனித் தீர்ப்பாயம், நாகர்கோவிலில் மாதம் ஒரு அமர்வு, முடிவெடுக்கும் முன் கட்டாயத் தல ஆய்வு. இந்த மூன்றும் வேண்டும். நான்காவதாக, கொடுத்த அனுமதியை எதிர்த்துப் பக்கத்து நிலத்துக்காரரும் வர உரிமை தெளிவாக எழுதப்பட வேண்டும். தேரூர், சுசீந்திரம் பக்கத்து வயலும் குளமும் கரைந்துபோகும் மாவட்டத்தில் கட்டுகிறவருக்கு மட்டும் மேல்முறையீடு என்றால் அது பாதி நியாயம்தான்.

இப்போதைக்கு மறுப்பு ஆணை கையில் இருப்பவர்கள் 79-ஆம் பிரிவின் காலக்கெடுவை வக்கீலிடம் கேட்டு, அதற்குள் மனுவைப் போட்டுவிடுங்கள். மனுவோடு இடவழியில் டேப் வைத்து எடுத்த போட்டோ, இடம் விட்ட ஆவணத்தின் நகல், எஃப்எம்பி நகல் மூன்றையும் இணையுங்கள். தல ஆய்வு வேண்டும் என்பதைத் தனிக் கோரிக்கையாகவே எழுதுங்கள். என் கோப்பு நகர்ந்தது அந்த ஒரு கோரிக்கையால்தான்.